நோந்தாஸ் போட்ட பானை

எங்கள் கோர்ஃபு நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கோட்டை, கோயில், வளைவு மண்டபம் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். நோந்தாஸின் குதிரை வண்டியில் ஏறினால் அதே இடங்களை அவன் அடிதடி வரிசையில் பார்க்கலாம். பழைய கோட்டை வாசலில், குதிரையை உதைத்த ஒரு கப்பல் பயணியின் பல்லைக் கழற்றினான். வளைவு மண்டபத்துக் காபிக்கடையில் பரிமாறுகிறவன் மூக்கை உடைத்தான். புனிதர் கோயிலின் பின்சந்தில் அவனே அடி வாங்கி விலா ஒடிந்து கிடந்தான். அந்தக் கதையை மட்டும் பயணிகளிடம் சொல்ல மாட்டான்.

கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டால், "எங்கள அடிச்சவன் கட்டுனான். அடிக்கிறவனுக்குத்தானே செவுரு வேணும்" என்பான். அவன் பின்னாலேயே வண்டி ஓட்டிய நான் ஒழுங்காக வரலாறு சொல்வேன். என் வண்டியில் ஒருவரும் சிரித்ததில்லை.

ஊரே முரடன் என்று ஒதுக்கிய அந்த ஆளுக்குத் தங்கை லூக்கியா என்றால் உயிர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்ததும் அவன்தான். சொந்தப் படகு இருக்கிறதே என்று ஒரு குடிகாரனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அவன்தான். அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில் புருஷன் அவள் கையை முறுக்கி ஒடித்தான். கட்டுப் போட்ட கையோடு வந்து, படியில் விழுந்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னாள். அவள் வீட்டில் படியே கிடையாது.

நோந்தாஸ் மாப்பிள்ளையைத் தொடவில்லை. எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அடித்தால் அந்த அடி வட்டியோடு தங்கை மேல் விழும், கொன்றுவிடுவதுதான் வழி என்று முடிவு கட்டியிருந்தான். இதைப் பிறகு சிறையில் அவன் வாயாலேயே கேட்டேன்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை, மணி அடித்ததும் மாடிகளிலிருந்து தண்ணீர் நிரப்பிய பானைகளைத் தெருவில் போட்டு உடைப்பது எங்கள் ஊர் வழக்கம். கூட்டத்தைக் கயிறு கட்டி ஒதுக்கியிருப்பார்கள். அன்று நோந்தாஸ் நான்காம் மாடியில் ஒரு பெரிய பானையோடு காத்திருந்தான். மாப்பிள்ளை கீழே, எங்களோடு கயிற்றுக்குப் பின்னால். அவனை வெளியே இழுத்துவிட்டால் போதும், தற்செயல் என்று ஊர் சொல்லிவிடும்.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் மேலிருந்து கத்தினான். "ஸ்பீரோ, ஓடி வா. லூக்கியா உன்னக் கூப்பிடுறா."

எங்கள் ஊரில் யாரும் வெறும் ஸ்பீரோ என்று கூப்பிட மாட்டார்கள். வீட்டுக்கு ஒருவனுக்காவது புனிதர் ஸ்பிரிதோனின் பெயர்தான், சுருக்கமாக ஸ்பீரோ. அதனால் படகு ஸ்பீரோ, ரொட்டி ஸ்பீரோ, லாட ஸ்பீரோ என்று ஒட்டு வைத்தே கூப்பிடுவோம். வெறியில் நோந்தாஸ் 'படகு' என்பதை விட்டுவிட்டான்.

என்னைச் சுற்றி எத்தனையோ தலைகள் நிமிர்ந்தன. மாப்பிள்ளை படகு ஸ்பீரோவும் நிமிர்ந்தான். பெண்டாட்டி பெயர் காதில் விழுந்தும், "அவளுக்கு வேற வேலயில்ல" என்று சிகரெட்டைப் பற்றவைத்தான். எங்கள் குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடிக்கிற, கல்யாணமே வேண்டாம் என்றிருந்த லாட ஸ்பீரோதான் பிடித்து நிறுத்தப்போன என் கையைத் தட்டிவிட்டுக் கயிற்றைத் தாண்டி ஓடினான்.

மணி அடித்தது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு உச்சந்தலை மட்டும்தான் தெரியும். நோந்தாஸ் தள்ளினான். தெரு முழுக்கப் பானைகள் வெடித்தன. லாட ஸ்பீரோ தோளும் நெஞ்சும் நொறுங்கி ஓடுகளுக்கு நடுவே கிடந்தான். தண்ணீர் சிவப்பாக ஓடியது. கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.

நோந்தாஸ் இறங்கி ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "உன்ன யாருடா கூப்பிட்டா? நீ எதுக்குடா வந்த?"

வாயில் ரத்தம் வழிய அவன் சுற்றுமுற்றும் தேடினான். "அவ கூப்பிடுறான்னு சொன்னியே. எங்க அவ?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. லூக்கியா வீட்டுக்கு ஓடினேன். அவள் யாரையும் கூப்பிடவில்லை. புருஷனுக்கு ஈஸ்டர் சூப்பை இடது கையால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பீரோ மேல பானை விழுந்துருச்சு. உன்னத் தேடுறான்" என்றேன்.

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "எந்த ஸ்பீரோ?" என்றாள்.

சொன்னேன். அடுப்பை அணைக்காமல், செருப்பு மாட்டாமல், எனக்கு முன்னால் ஓடினாள்.