ஹோட்டல் நல்லா இருக்கு என்றேன்

அக்கா மகளுக்கு நிச்சயம் என்று போன் வந்ததும் நான் முதலில் யோசித்தது எங்கே தங்குவது என்பதைத்தான். பிள்ளைக்கு என்ன வாங்கிப் போவது, மாப்பிள்ளை எந்த ஊர், இதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

அக்கா வீடு வடக்கே பீடோங்கில் இருக்கிறது. ரப்பர் எஸ்டேட்டை விற்றபோது அங்கே வேலை செய்தவர்களுக்கென்று கட்டிக் கொடுத்த வீட்டு வரிசையில் ஒன்று. மூன்று சின்ன அறை, ஒரு குளியலறை, மத்தியானமானால் கூரைத் தகரம் காய்ந்து உள்ளே அனல் அடிக்கும். நானும் என் வீட்டுக்காரரும் காரில் நாலு மணி நேரம் தள்ளி, ஷா ஆலாமில் இருக்கிறோம். நானும் அக்காவும் பிறந்தது அந்த எஸ்டேட்டில்தான், ஆறு வீட்டுக்கு ஒரு கழிவறை என்று வளர்ந்தோம். அப்படி வளர்ந்த நான், இருபத்தைந்து வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தபிறகு, அக்கா வீட்டில் இரண்டு ராத்திரி படுக்க யோசிக்கிறவளாக ஆகிவிட்டிருந்தேன்.

"முட்டி வலிக்குதுக்கா. குத்த வச்சி உக்கார முடியல. நாங்க எங்கயாச்சும் ரூம் எடுத்துக்கிறோம்" என்று போனில் சொன்னேன். முட்டி வலி இருந்தது உண்மை. ஆனால் அது அவ்வளவு பெரிய வலி இல்லை.

அக்கா, "சரி, நீ வாயேன், பாத்துக்கலாம்" என்றாள்.

நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பக்கத்து டவுன் சுங்கை பட்டாணியில் ஒரு ஹோட்டலைப் போனில் தேடி எடுத்தேன். படத்தில் வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கதவு போட்ட குளியலறை, மேசைமேல் ஒரு பூச்சாடி. ஆட்கள் எழுதியிருந்த கருத்துகளை என் வீட்டுக்காரர் படிக்கச் சொன்னார். நான் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனோம். தண்ணி குடித்து முடிப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனாள். குளியலறையில் புதிதாக உட்கார்ந்து போகிற டாய்லெட் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பூசிய சிமெண்டு இன்னும் காயாமல் கருப்பாக இருந்தது. பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு இரும்புக் கம்பியும் அடித்திருந்தார்கள்.

"உங்க மச்சான் லீவு போட்டு ஆள் கூட்டிட்டு வந்து செஞ்சாரு. இனிமே உனக்குக் கஷ்டம் இல்ல லா" என்றாள் அக்கா.

மச்சான் என்று நான் கூப்பிடுவது அக்கா வீட்டுக்காரரை. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அதிகம் பேசமாட்டார். வாசலில் நின்றபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நான் ஹோட்டலை விட்டிருக்க வேண்டும். ஆனால் "ஐயோ, ரூம் எடுத்துட்டேனேக்கா, மாத்த முடியாதாம்" என்றுதான் என் வாயில் வந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தபோது கட்டிலில் புது மெத்தை விரிப்பு போட்டு, மேசைக் காற்றாடியைத் துடைத்து வைத்திருந்தது தெரிந்தது. அக்கா அந்தக் காற்றாடியை எடுத்துக் கூடத்தில் வைத்தாள். "அப்ப இங்க வர்றவங்களுக்கு ஆவும்" என்றாள்.

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே பழைய டயர்க் கடை, மேலே மூன்று மாடி. லிஃப்ட் கதவில் குறுக்கே பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். கவுண்டரில் வயதான ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரே சாவி கொடுத்து, அவரே பெட்டியைத் தூக்க எழுந்தார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

கதவைத் திறந்ததும் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த வாடை. ஏர்கோன் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே பெயிண்டு வந்த பழைய வாளி ஒன்று. விரிப்பை விலக்கினால் தலையணையில் யாருடைய முடியோ இருந்தது. குளியலறையில் தண்ணீர் இறங்காமல் சோப்பு நுரையோடு கணுக்கால் வரை நின்றது. அது எங்களுக்கு முன்னால் குளித்தவர்களின் தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். பக்கத்துக் கடைவீட்டின் மேல்மாடியை, சூப்பு வைக்க நல்ல விலைக்குப் போகும் குருவிக்கூடு எடுப்பதற்காக அடைத்திருந்தார்கள். குருவிகளை இழுக்க ஒலிபெருக்கியில் போட்டிருந்த குருவிச் சத்தம் நிற்காமல் காதுக்குள் வந்துகொண்டிருந்தது.

நான் கீழே இறங்கிப் போய் அந்த மனிதரிடம் மலாயில் சத்தம் போட்டேன். படத்தைக் காட்டினேன். அவர் என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது திறந்த வருஷம் எடுத்தது. நான் முதலாளிகிட்ட சொல்லிட்டேதான் இருக்கேன்" என்றார். மன்னிப்புக் கேட்டார். வேறு அறை கொடுத்தார். அதில் வாளி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கூரை மூலை முழுக்கக் கரும்பூஞ்சை. குழாயைத் திறந்தால் முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். நான் துப்பட்டாவைத் தலையணைமேல் விரித்துப் படுத்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அங்க போயிடலாமா?" என்று ஒரு தடவை கேட்டார். "எந்த முகத்தோட போறது?" என்றேன்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். "எப்படி இருந்துச்சு ரூமு?" என்றாள்.

"நல்லா இருக்குக்கா. சுத்தமா இருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா என் கண்ணைப் பார்த்தமாதிரி இருந்தது. அதனால் இன்னும் இரண்டு சேர்த்தேன். விரிப்பு வெள்ளையாக இருந்தது என்றேன், சுடுதண்ணி வந்தது என்றேன். இந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே போயிருக்கிறேன் அல்லவா, போன இடம் இதைவிட நன்றாக இருந்தே ஆக வேண்டும். வேறு விதமாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மச்சான் தலையைத் தூக்கினார். "அப்படியா?" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் தெற்குக் கோடி ஜொகூரிலிருந்து பஸ்ஸில் அன்று மத்தியானம் வருவதாக இருந்தது. ஆறு பேர். மச்சான் அவர்களுக்காக இரண்டு வீடு தள்ளிக் காலியாகக் கிடந்த பக்கத்துக்காரர் வீட்டைக் கேட்டு வாங்கிக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். அந்த ஏற்பாடு அவருக்கு உள்ளூர உறுத்தியிருக்கிறது, எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சம்பந்தி வீட்டு ஆளுங்கள அடுத்தவங்க வீட்டுல பாய் போட்டுப் படுக்க வைக்கணுமான்னு ரெண்டு நாளா யோசன. நீ தங்குற எடம்னா அவங்களுக்கும் மரியாதையா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

என் வீட்டுக்காரர் தோசையைப் பிய்க்காமல் என்னைப் பார்த்தார்.

பாசாருக்குப் பூ வாங்கப் போகும்போது காடி ஓட்டிக்கொண்டே, "சொல்லிடு" என்றார். "உன் அக்கா, உன் மச்சான். நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்றேன்" என்றேன்.

திரும்பி வந்ததும் ஆரம்பித்தேன். "மச்சான், அங்க ரூம் கொஞ்சம் சின்னதுதான்..."

"ஒரு ராத்திரிதானம்மா. மூணு ரூம் சொல்லிட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மனிதர் அந்த வாரம் முழுக்க அலைந்தவர். நான் பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் ஹோட்டல் மாடிப்படியில் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். அமைதியான பெண்மணி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் அவர்களுக்கு அறை கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"பாவம், உங்களையும் இங்கதான் போட்டாங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

என் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. அவரோடு மேலே வரை ஏறி, கதவைத் திறந்து கொடுத்துவிட்டு இறங்கினேன். அந்த அறையில் வாளி இருந்தது.

ஞாயிறு காலையில் தண்ணீர் நின்றுபோனது. பம்பு ஓடவில்லையாம். பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று நேரம் குறித்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் வந்திருந்தார், குரல் பெரியது. கீழே கவுண்டர் முன்னால் நின்று மச்சானுக்குப் போன் போட்டு அவர் பேசியதை டயர்க் கடைக்காரர் வரைக்கும் கேட்டிருப்பார்கள். கால் மணி நேரத்தில் மச்சான் இரவல் வாங்கிய வேனோடு வந்துவிட்டார். இடுப்பில் பட்டு வேட்டி, மேலே வீட்டுச் சட்டை. எல்லாரிடமும் கை கூப்பினார். நான் சம்பந்திப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் கவுண்டரில் சாவிகளைக் கொடுத்துவிட்டு அந்த வயதானவரிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கையை நீட்டி வேனைக் காட்டினார். யாரைக் காட்டுகிறார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அக்கா வீட்டில் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சம்பந்திப் பெண்கள் ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்றார்கள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒப்பனை செய்துகொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளை, "என்ன சித்தி ஆச்சு? அவங்க கோவமா இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டாள். "ஒன்னும் இல்ல" என்று அவளுக்கும் ஒரு பொய் சொன்னேன்.

கூடத்தில் தட்டுகளை அடுக்கும்போது அந்த அத்தை கேட்டார். "தெரியாமத்தான் கேக்குறேன், அந்த ஹோட்டல யாருங்க உங்களுக்குச் சொன்னது? மாடுகூட படுக்காது."

நான் பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அடுப்படி வாசலில் இருந்தாள்.

"நாந்தாங்க" என்றார் மச்சான். "போய்ப் பாக்காம எடுத்துட்டேன். தப்பு எம்மேலதான். மனசுல வச்சிக்காதீங்க."

"பொண்ணு கொடுக்கிற வீடு, இதக்கூடப் பாக்க வேணாமா?" என்றார் அத்தை. மாப்பிள்ளையின் அம்மா அவர் முழங்கையைத் தொட்டு, "விடுங்க" என்றார். மச்சான் தலையைக் குனிந்தபடியே நின்றார். அத்தனை பேர் முன்னால், மகள் நிச்சயத்தன்று. நான் வாயைத் திறந்திருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். தட்டில் இருந்த ஆரஞ்சுப் பழங்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

நேரம் தாண்டித்தான் தட்டு மாற்றினார்கள். நிச்சயம் நின்றுபோகவில்லை, யாரும் சண்டை போடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். ஆனால் வேன் ஏறும்போது அந்த அத்தை அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லாரும் போனபிறகு மச்சான் பந்தலுக்கடியில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு நாற்காலியை எடுத்துக் கொடுத்தேன்.

"மச்சான், அந்த ஹோட்டலு எனக்கு மொத நாளே தெரியும். நல்லா இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்."

நாற்காலியை வாங்கி அடுக்கின்மேல் வைத்தார். "தெரியும்மா" என்றார்.

"எப்படி?"

"காலைல அந்த அங்கிள் சொன்னாரு. அந்த அம்மா வெள்ளிக்கிழமையே சத்தம் போட்டாங்களே, ரூம் மாத்திக் கொடுத்தேனே, தெரிஞ்சும் ஏன் மூணு ரூம் எடுத்தீங்கன்னு கேட்டாரு."

அப்படியென்றால், "நாந்தாங்க" என்று சொல்லும்போது அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல்.

"உன் அக்கா ஒரு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா, தங்கச்சி வருது, தங்கச்சி வருதுன்னு. அவங்க முன்னால உன்னக் காட்டிக் கொடுத்தா அவளுக்குத்தான் அசிங்கம்." கொஞ்சம் பொறுத்து, "அவகிட்ட நான் சொல்லல. நீ சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்றார். பிறகு அடுத்த வரிசை நாற்காலிகளிடம் போய்விட்டார்.

திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன். வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் கழுவினேன். பக்கத்தில் அக்கா இருந்தாள், சோர்ந்துபோய், நெற்றிப் பொட்டு வியர்வையில் ஒழுகி. "அந்த அத்தைக்காரி கல்யாணம் வரைக்கும் இதையேதான் பேசுவா" என்றாள். இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள்ளே ஓடியது. "விடுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஷா ஆலாமுக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் பினாங்குப் பாலம் பக்கம் தாண்டிய பிறகு என் வீட்டுக்காரர், "சொல்லிட்டியா?" என்றார்.

"மச்சான்கிட்ட சொன்னேன்."

"அக்காகிட்ட?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்களில் அக்கா எத்தனையோ தடவை போன் செய்தாள். மண்டபம் பற்றி, புடவை பற்றி, சமையல்காரர் பற்றிப் பேசினாள். ஒவ்வொரு தடவையும் பேச்சு முடியும் இடத்தில் நான் ஆரம்பிக்கப் பார்த்து, பிறகு முட்டி பரவாயில்லை என்றோ மழை பெய்கிறது என்றோ சொல்லி வைத்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "இந்தத் தடவ நான் உங்க வீட்டுலதான்க்கா படுப்பேன்" என்றேன். பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த வாக்கியம் அது.

"இங்க எடம் ஏது?" என்றாள் அக்கா. "அவரோட தங்கச்சிங்க எல்லாம் வர்றாங்க. உனக்கும் கஷ்டம். உங்க மச்சான் நேர்ல போயி நல்ல ஹோட்டலாப் பாத்து, தண்ணியெல்லாம் தொறந்து பாத்துட்டு, உங்களுக்கு ரூம் எடுத்துட்டாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை நிஜமாகவே இடம் இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரிக்கா" என்றேன்.