அஞ்சாம் நம்பரும் நாலு கல்லூரிகளும்

என் தம்பிக்கு மனிதர்களின் முகம் சட்டென்று நினைவுக்கு வராது. செருப்புக்கடைக்காரன் அல்லவா, கீழே குனிந்து பார்த்தால்தான் யாரென்று தெரியும். பக்கத்துத் தெரு வங்கி மேலாளர் அவனுக்கு ‘ஒன்பது, தட்டைப் பாதம்’. தபால்காரர் ‘எட்டு, இடது கால் கொஞ்சம் பெரிசு’. பெற்ற மகளையே அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கால் வளர வளர ரெண்டு, மூணு, நாலு என்று மாற்றிக்கொண்டே வந்து, அவள் எட்டாவது படிக்கும்போது ‘அஞ்சு’ என்பதில் நிறுத்தினான். அதற்கப்புறம் தெருவுக்கே அவள் அஞ்சுதான்.

நான் அவளுடைய அத்தை. கடையில் கல்லா என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், சொல்பவர்களுக்கு வேறு வேலை இல்லை.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். இரண்டு பக்கமும் கூரை வரை அட்டைப் பெட்டிகள், நடுவில் ஒரு ஏணி. வந்தவர் நாற்காலியில் உட்காருவார், எதிரே குட்டை ஸ்டூலில் தம்பி உட்காருவான், லேஸை அவிழ்ப்பான், “எங்க கடிக்குது?” என்று கேட்பான். புதுசைப் போட்டுவிட்டு, “வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க” என்பான். இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவன் ஒரு குடும்பத்தை நடத்திவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஸ்டூலில் அஞ்சு உட்காருவாள். அவளிடம் வருகிறவர்கள் செருப்பு வாங்கிய பிறகும் எழுந்து போகமாட்டார்கள். மருமகள் சண்டை, முட்டிவலி, மகன் போன் பண்ணாதது எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

இந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்ததும் டாக்டருக்குப் படிக்கிறேன் என்றாள். நாலு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. எந்த நாலு என்பதில் வீடு ரெண்டுபட்டது. அவள் அம்மா விடுதிப் படங்களைப் பெரிதாக்கி, ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தாள். “அண்ணி, இதுல கம்பி ரொம்ப மெலிசு” என்று ஒரு நல்ல கல்லூரியையே தள்ளிவிட்டாள். நான், எந்தக் கல்லூரி டாக்டர் எழுதினால் மருந்துக்கடைக்காரருக்குப் புரிகிறதோ அதில் சேரச் சொன்னேன். என் யோசனையை யாரும் சட்டை செய்யவில்லை.

தம்பி, மாணவர்கள் வரிசையாக நிற்கும் படங்களில் கால்களை மட்டும் பார்த்தான். “இங்க பாதிப் பேர் ஷூவோட பின்பக்கத்தை மிதிச்சிக்கிட்டு நிக்கறான். ஷூவை ஒழுங்காப் போடத் தெரியாதவன் ஊசி எப்படிப் போடுவான்?” கடைசியில் அவனுக்குப் பிடித்தது ஒரே கல்லூரி. கடையிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இருப்பது. அங்கே கால்கள் எப்படி என்று நான் கேட்டேன். “அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்றான், படத்தைப் பார்க்காமலே.

அஞ்சு ஆசைப்பட்டதோ ஒரு நாள் முழுக்க ரயிலில் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. “அத்தை, மத்த இடத்துல ரெண்டு வருஷம் வெறும் புத்தகம்தான். அங்க மட்டும் முதல் மாசத்துலேயே நோயாளிங்க பக்கத்துல உட்கார வைக்கறாங்க. எனக்கு ஆளுங்களோட பேசணும்.”

பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டு, தூரத்துக் கல்லூரியைக் கடைசியில் போட்டுச் சமாதானம் ஆனார்கள். பக்கத்தில் இருந்தது முதலில் கை விரித்தது. அடுத்த இரண்டும் அதே பாட்டைப் பாடின. தூரத்துக்காரர்கள் மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

“கெடைக்கலைன்னா விடும்மா. கடை இருக்கு, ஸ்டூல் இருக்கு. இன்னொரு வருஷம்லாம் உக்காந்து படிக்க வேண்டாம்” என்றான் தம்பி. ஆறுதல் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கு அவனை ஏணியிலிருந்து தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

டியூஷன் வாத்தியார் அவளைத் தயார் செய்தார். முதுகு நேராக இருக்கவேண்டும், கைகள் மடியில் இருக்கவேண்டும், பேச்சுக்குப் பேச்சு சேவை என்று சொல்லவேண்டும், செருப்புக்கடை பற்றி மூச்சு விடக்கூடாது. அஞ்சு எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லுவாள்.

கிளம்பும் நாளன்று தம்பி உச்சிப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஷூவை இறக்கி, துடைத்து, தானே காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தான். “கடையிலேயே நல்லது இதுதான், அஞ்சு.” இத்தனை நாளாக அந்த ஊரின் பேச்சை எடுத்தாலே எழுந்து போனவன் அவன். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் ரயிலில் அதைப் போட்டுப் பார்த்தபோது முகம் சுருங்கியதையும் பார்த்தேன்.

துணைக்கு நானும் தம்பியும் போனோம். கல்லூரி வாசலில் ஒரு மரத்தடியில் எங்களை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள், முள்ளின் மேல் நடப்பவள் போல.

உள்ளே நடந்ததை அவளே சொன்னாள். ஒரு அறையில் நோயாளியாக நடிக்க ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் லாரி ஓட்டுநர், வலிப்பு வந்திருக்கிறது, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று அவரிடம் சொல்லவேண்டும். மூலையில் இரண்டு பேராசிரியர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் உட்காராமல் நின்றபடி சத்தம் போட்டார். இவளும் நின்றாள். கால் விரல்கள் எரிந்தன. பாடம் பண்ணியது ஒன்றும் வாயில் வரவில்லை. அலமாரி ஓரத்தில் ஒரு குட்டை ஸ்டூல் கண்ணில் பட்டது.

“உட்காருங்க சார்” என்று அவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே இரண்டு ஷூ. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பிடித்து, “எங்க கடிக்குது சார்?” என்று கேட்டுவிட்டாள்.

மூலையில் யாரோ பேனாவைக் கீழே போட்டார். அப்போதுதான் அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. ஓடவும் முடியாது, கால் கெஞ்சுகிறது. அவிழ்த்ததைத் திரும்பக் கட்டிக்கொண்டே, கீழிருந்தபடியே சொன்னாள்: “சார், நீங்க இனிமே வண்டி ஓட்டக்கூடாது. இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமா இருக்கு. வண்டி இல்லாம எப்படிச் சமாளிப்பீங்க? சொல்லுங்க, கேக்கறேன்.” கத்துவதற்கு வாயைத் திறந்த மனுஷன், லேஸ் கட்டிவிடுகிற பெண்ணிடம் எப்படிக் கத்துவது என்று தெரியாமல் மெதுவாகப் பேச ஆரம்பித்தாராம். மணி அடிக்கும் வரை பேசினாராம்.

ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தாள். “எல்லாம் போச்சு அத்தை. நோயாளி ஷூவைக் கழட்டிட்டேன்” என்று கேவிக் கேவி அழுதாள்.

“என்ன மாதிரி ஷூ?” என்று கேட்டான் என் தம்பி. இவனை என்ன செய்வது!

அப்புறம்தான் அவள் குதிகாலில் கொப்புளத்தைப் பார்த்தான். “அஞ்சு நம்பர் சரியாத்தானே இருக்கணும்?”

“சரியாத்தான்ப்பா இருக்கு. புதுசு, அதான்.” நான் வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மூடிக்கொண்டேன்.

முடிவு போனில் வந்தபோது அவள் கடையில் ஸ்டூலில் இருந்தாள், தம்பி ஏணி உச்சியில் இருந்தான். இடம் கிடைத்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் வாடிக்கையாளர் ஒருவர் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றார். தம்பி மட்டும் திரும்பவில்லை. பெட்டிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தான்.

“இறங்கி வாடா” என்றேன். வந்தான். கண் சிவந்திருந்தது. மகளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூலில் அமர்ந்து, கால் அளக்கும் தகட்டை எடுத்தான்.

“அங்க வார்டு வார்டா நடக்கணும். சரியான ஷூ வேணும்.” அவள் பாதத்தைத் தகட்டில் வைத்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

“ஆறு” என்றான். “எப்ப வளந்தே?”

“போன வருஷமேப்பா. ஸ்கூல் ஷூவை நானே எடுத்துக்கிட்டேன்.”

“அப்போ அந்தக் கறுப்பு ஷூ…”

“நீங்களா எடுத்துக் குடுத்தீங்க. வேற சைஸ் வேணும்னு கேக்க மனசு வரல.”

தம்பி ஏணியில் ஏறினான். ஆறாம் நம்பர் எடுத்து வந்து போட்டு, லேஸை இறுக்கிக் கட்டினான். பிறகு அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திக் கட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லாவைத் திறந்து திறந்து மூடினேன்.

“நடந்து பாரு, ஆறு” என்றான். “வாசல் வரைக்கும் போயிட்டு…” காலிப் பெட்டியை மூடி வைத்தான். “போயிட்டுத் திரும்பி வா.”