நான்காம் நாள் பொரித்த முட்டை

என் அண்ணன் ரேமண்ட் பவ்லாக் முப்பத்தொரு வருடம் கார் ஆலையில் வேலை பார்த்தான். மிச்சிகன் குளிரைத் திட்டாமல் ஒரு நாள் போனதில்லை அவனுக்கு. இப்போது என் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில், பத்தடி எஃகுத் தொட்டிக்குள், திரவ நைட்ரஜனில் தலைகீழாக நிற்கிறான். என்றைக்காவது விஞ்ஞானம் வளர்ந்து எழுப்பிவிடுமாம். அவனும் அண்ணி டெல்ஃபினும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அவன் செத்தபோது பூசையும் இல்லை, கல்லறையும் இல்லை.

"செத்துட்டார்னு சொல்லாத ஜெனீவ். உங்க அண்ணன் இப்ப நோயாளி, அவ்வளவுதான்" என்றாள் அண்ணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ என் ஃப்ரீசர்ல இருக்கிற கோழியும் நோயாளிதான் அண்ணி" என்றேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். சிரித்துவிட்டாள்.

அவள் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நாற்பத்தொரு நிறுத்தம். எதில் எந்தப் பிள்ளை ஏறும், எது கையுறையை மறந்துவிட்டு வரும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும் காலைக் காபியோடு அந்த நிறுத்தங்களை வரிசையாக ஒப்பிப்பாள். எழுபத்திரண்டாவது வயதில் ஒரு நாள் முப்பத்தெட்டோடு நின்றுவிட்டாள். இரண்டு மாதத்தில் அது முப்பதாயிற்று. மறதி நோய் என்றார் டாக்டர்.

இந்த உறைய வைக்கும் கூட்டத்தார் புற்றுநோய்க்கோ மாரடைப்புக்கோ பயப்படுவதில்லை. வருங்கால டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூளை கரைவதற்கு மட்டும்தான் நடுங்குவார்கள். கரைந்ததை உறைய வைத்து யாருக்கு என்ன லாபம்? அதனால் அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். நினைவு இருக்கும்போதே சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் போய்விடுவது. துணைக்கு என்னை உட்காரச் சொன்னாள்.

"நான் கோயிலுக்குப் போறவ அண்ணி. இது பாவம்."

"பாவம் என்னோட போகட்டும். நீ பக்கத்துல இருந்தா போதும். உங்க அண்ணன் முழிக்கிறப்போ அவருக்குன்னு தெரிஞ்ச மனுஷி ஒருத்தியாவது வேணாமா? நானே அவரைத் தெரியாம முழிச்சா, அந்த மனுஷன் எங்க போவார்?"

கடைசியில் சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவள் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்: நானே கேட்டாலும் எனக்குச் சாப்பிடக் கொடுக்காதே. டெல்ஃபின்.

மூன்று நாள் வைராக்கியமாக இருந்தாள். நான் கார் கொட்டகையில் ஒளிந்து நின்று காய்ந்த ரொட்டி தின்றேன். நான்காம் நாள் காலை வெளியே கால் வைக்க முடியாத பனி. எனக்குப் பசி தாங்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முட்டை பொரித்தேன். வாசனைக்கு ஏது கதவு? இந்த அறிவு கெட்டவளுக்கு அது தோன்றவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எனக்கும் பசிக்குது. நீ மட்டும் சாப்பிடறியே."

தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உதடு அசைய மெதுவாகப் படித்தாள்.

"பாவம், யாரோ ஒரு பொம்பள. என்ன கஷ்டமோ அவளுக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள். "ஒரு முட்டை தர மாட்டியா?"

நான் கொடுத்த வாக்கு கையில் இருந்தது. கேட்கிறவள் எதிரே நடுங்கிக்கொண்டு நின்றாள். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். இரண்டு முட்டையையும் தின்றுவிட்டு, ஒழுகிய மஞ்சள் கருவை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி அழுதேன்.

சாயங்காலம் கொஞ்ச நேரம் தெளிவு வந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில் கிடந்த தட்டைப் பார்த்தாள்.

"குடுத்துட்டியா?"

"ஆமா அண்ணி."

ஒரு வார்த்தை திட்டவில்லை. படுக்கையில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குத் தூக்கமாவது வரும். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்க அவளுக்கு நினைவும் இல்லை.

இன்னும் ஐந்து வருடம் இருந்தாள். நிறுத்தங்கள் பன்னிரண்டாகி, ஒன்றாகி, அதுவும் போனது. அண்ணன் படத்தைக் காட்டினால், "யாரு இந்த ஆளு? மூக்கு பெருசா இருக்கு" என்பாள். போன ஏப்ரலில் செத்துப்போனாள். ஆட்கள் ஐஸோடு வந்தார்கள். அதே தொட்டியில், அவன் பக்கத்திலேயே இறக்கினார்கள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும்மா. ஒரு சேதாரமும் இல்ல" என்றார் அங்கிருந்தவர். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இறந்தவர்கள் உயிர்த்தெழ வேண்டும் என்று எல்லோரும் செபிக்கிறார்கள். அந்தத் தொட்டியை ஒரு நாளும் நம்பாத நான், அது பலித்துவிடக் கூடாது என்று முழங்காலிட்டுக் கெஞ்சுகிறேன். கண் விழித்ததும் என் அண்ணன் முதலில் அவளைத்தான் கூப்பிடுவான். அவள் திரும்பிப் பார்த்து, நீங்க யாரு என்று மரியாதையாகக் கேட்பாள்.