ஏழு பேராகிவிட்ட சைனப்

தாராவியில் பிறந்து வளர்ந்த ஆறுமுகத்தாய், செம்பூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் குப்பி கழுவும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். பன்னிரண்டாவது படித்தவள் என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். எந்த நோயாளியிடம் எந்தக் கிருமி இருந்தது, எந்த மருந்துக்கு அது செத்தது, எதற்குச் சாகவில்லை என்று பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும். பதினோரு வருடமாக அதைச் செய்கிறாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையெல்லாம் தொகுத்து, எந்தெந்த மருந்து இன்னும் கேட்கிறது என்று டாக்டர்களுக்கு ஓர் அட்டவணை போகும். போன ஜூலையில், நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் மலிவான பழைய மாத்திரை நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்குக் கேட்கவில்லை என்று வந்தது. இனி ஊசிதான் என்றார் கூடத்தின் தலைவி டாக்டர் நுஸ்ரத். ஊசி என்றால் தினமும் வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை.

ஆறுமுகத்தாய்க்கு மனசு ஒப்பவில்லை. ரேஷன் கார்டில் அவள் ஆறுமுகம் என்ற ஆண். வங்கியில் ஆர்முக் தாயி, அதாவது மராத்தியில் ஆர்முக் அக்கா. பேரை எழுதுகிறவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பட்டியலைப் பெயர் பெயராகப் பார்த்தாள். சைனப், ஜைனப், ஜேனப் பீ என்று ஏழு பேர். ஏழு பேருக்கும் வயது அறுபத்தொன்று, ஒரே மொபைல் நம்பர்.

போன் போட்டாள். சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து சைனப் அம்மாவே பேசினார். தனக்கு நீர் போக டியூப் வைத்திருப்பதாகவும், அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது சோதனைக்கு வருவதாகவும், ஒவ்வொரு தடவையும் புது எண்ணில் கேஸ் பேப்பர் என்ற நோயாளிச் சீட்டு போடுவதாகவும் சொன்னார்.

பக்கத்து மேஜையில் இருந்த டெக்னீஷியன் ஞானசீலனைக் கூப்பிட்டாள்.

"இவிய ஏழு பேரு இல்ல தம்பி, ஒரே ஆளு."

"கம்ப்யூட்டர் ஏழுன்னுல்லாக்கா காட்டுது."

"நம்பர் மாறுனா ஆளும் மாறிட்டுன்னு அது நெனச்சுக்கிடும். நாமதான பாக்கணும்."

இருவரும் நான்கு நாள் பழைய தாள்களைப் புரட்டினார்கள். சைனப்பைப் போல இன்னும் பத்துப் பேர் அகப்பட்டார்கள். எல்லோரும் நாட்பட்ட நோயாளிகள். மருந்துக்கு அடங்காத ஒரே கிருமியோடு திரும்பத் திரும்ப வந்தவர்கள். ஆளுக்கு ஒரு தடவை என்று எண்ணியபோது நூற்றுக்கு முப்பத்தைந்து என்றது நூற்றுக்குப் பதினொன்றாக இறங்கியது.

டாக்டர் நுஸ்ரத் தாமே உட்கார்ந்து இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு எழுந்து வந்து ஆறுமுகத்தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று கூடம் முழுவதற்கும் சமோசாவும் டீயும் வந்தன.

மாத்திரை அட்டவணையிலேயே நின்றது. அடுத்த வாரமே, கேஸ் பேப்பர் போடும் ஜன்னலில் பழைய எண்ணைக் கேட்டு எழுதத் தொடங்கினார்கள்.

இதைக் கேள்விப்பட்டுக் கல்யாண் நகரத்தில் ஒரு மருத்துவமனை அவளை அழைத்தது. தோல் பை தைக்கும் கணவன் நம்பிராஜனும் சனிக்கிழமை லீவு போட்டுக் கூடவே ரயிலேறினான். அங்கே பதிவு ஏற்றும் ஆறு பெண்களுக்கு, ஒரே ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆறுமுகத்தாய் மூன்று மணி நேரம் இந்தியில் சொல்லிக்கொடுத்தாள். வெளியே வந்தவளிடம் வடா பாவ் ஒன்றை நீட்டி, தொண்டை வலிக்கிறதா என்று கேட்டான் நம்பிராஜன். இன்னும் மூன்று மணி நேரம்கூடப் பேசியிருப்பேன் என்றாள் அவள்.