கினபாலு உச்சிக்குப் பத்தாவது ஆளாக

போன மார்ச் மாதம், பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தபோது, சபாவில் உள்ள கினபாலு மலைக்குப் போய் வந்தேன். மலேசியாவிலேயே உயரமான மலை அது, 4,095 மீட்டர். எனக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன்பு நான் தவறாமல் ஏறிய உயரம் தாமுவேயில் என் வீடு இருக்கும் ஐந்தாம் மாடிதான். லிஃப்ட் கிடையாது என்பதால் அதையும் பயிற்சி என்றே சொல்லிக்கொண்டேன்.

ஏன் போனேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தலை எண்ணிக்கைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். என் மின்விசிறிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி, கைப்பேசிக் கடையில் செல்வி என்று ஒரு தமிழ்ப் பெண் வேலை பார்த்தாள். பர்மியர்களுக்கு அவள் மா திடா. விடுமுறை நாட்களில் மலையேறும் ஒரு கூட்டத்தோடு சுற்றுவாள். ஒரு நாள் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, நாங்க ஒம்பது பேரு கினபாலு போறோம். ஒம்பது பேரா போகக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

இந்த ஊரில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? ஒன்பது பேராகக் கிளம்பினால் வழியில் ஏதாவது ஆகிவிடும் என்பார்கள். பத்தாவது ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, பையில் போட்டுக்கொண்டு போவார்கள்.

"அப்ப ஒரு கல்ல எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்றேன்.

"கல்லு வண்டி வாடகையில பங்கு தராதே, அண்ணே."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலையே சம்மதம் சொல்லிவிட்டேன். தம்பிகள் இருவரும் வெளிநாடு போனபின் வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான். மலைமேல் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. பத்துப் பேர் கூடிச் சாப்பிடும் இடத்தில் நானும் உட்கார வேண்டும், ஊர் திரும்பும்போது அவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் வேண்டியது.

எங்கள் ஊரின் மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் இரண்டே முக்கால் மணி நேரம். அங்கே மாறி கோத்தா கினபாலுவுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். ஒரே நாடுதானே என்று கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். சபாவில் இறங்கியதும் மறுபடி குடிநுழைவுச் சோதனை உண்டு. மறுநாள் மலையடிவாரத்துப் பூங்காவுக்கு 88 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பத்துப் பேருக்குமாக வேன் 350 ரிங்கிட்.

வேனில் பின்னால் ஒன்பது இருக்கைகள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒன்று. யாரும் சொல்லாமலே நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் தலைவரா?" என்று ஓட்டுநர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்ல, நான் மிச்சம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பின்னால் ஏதோ பழைய பயணத்தின் கதை ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு அடிவாரத்தில் தங்கிவிட்டு, காலையில் நடக்கத் தொடங்கினோம். ஏறத் தொடங்கும் வாயில் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலைக்குடில் வரை ஆறு கிலோமீட்டர். குடிலின் உயரம் 3,272 மீட்டர். கேட்க ஒன்றுமில்லாத தூரம்தான், ஆனால் பெரும்பகுதி படிக்கட்டு. எனக்கு ஆறு மணி இருபது நிமிடம் ஆனது. முதலில் ஈரக் காடு, பாசி, பூச்சி தின்னும் குடுவைச் செடிகள். பிறகு மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து இடுப்பளவில் நின்றுவிடுகின்றன.

வழியில் ஆங்காங்கே கூரை போட்ட ஓய்விடம் உண்டு. மெதுவாக நடப்பவனின் கஷ்டம் என்னவென்றால், அவன் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வை முடித்திருப்பார்கள். "வந்துட்டீங்களா, கோ ராஜா? சரி, நாங்க கிளம்புறோம்" என்று கூட்டத்தின் தலைவர் கோ நைங் சொல்வார். 'கோ' என்றால் பர்மிய மொழியில் அண்ணன். குறை சொல்ல முடியாத மனிதர். ஓய்விடத்துக்கு ஓய்விடம் இதையே சொன்னார்.

குடிலில் அவர்களுக்கு ஆறு கட்டில் அறை ஒன்று, மூன்று கட்டில் அறை ஒன்று. எனக்கு முன்பின் தெரியாதவர்களின் அறையில் மேல்கட்டில். மாலை நாலரைக்கே இரவுச் சாப்பாடு. நம்மவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பலச்சாங் போத்தலைத் திறந்தார்கள். வறுத்த இறால், மிளகாய் வாசனை கூடமெல்லாம் பரவியது. அந்த மேசையில் இடமில்லை. செல்வி ஒரு கரண்டி எடுத்து வந்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அதிகாலை இரண்டு மணிக்கு உச்சிக்குக் கிளம்பத் தயாரானபோது கூட்டத்தில் ஒருவரான கோ ஸாவ் வாந்தி எடுத்தார், தலைவலி என்றார். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. வழிகாட்டி ஜூலியன் அவர் முகத்தைப் பார்த்ததுமே, "இவர் மேலே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். குடிலில் படுக்கவைத்து, பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்பாடு செய்தார்கள். வாசலில் நின்றபோது எல்லோரும் மனதுக்குள் எண்ணினார்கள் என்று தெரிந்தது. ஒன்பது.

கோ நைங் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

"வெச்சிடுங்க" என்றார் ஜூலியன். "எங்க செத்தவங்களோட ஆவி தங்குற மலை இது. இங்கேருந்து ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது."

கோ நைங் மன்னிப்புக் கேட்டு, எடுத்த இடத்திலேயே கல்லை வைத்தார். இப்போது என்ன செய்வது? கூட வரும் மூன்று வழிகாட்டிகளும் மலைக்காரர்கள், பயணக் கணக்கில் சேரமாட்டார்கள். எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். என்னைக் குடிலிலேயே இருந்துவிடும்படி யாரும் சொல்லவில்லை. வரும்படியும் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நிற்கிறவன் பேசாத கல்லா என்ன?

"நான் முன்னாடி போயிடறேன்" என்றேன். "நீங்க எட்டுப் பேரும் அரைமணி கழிச்சு வாங்க. நான் தனி ஆளு."

அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம். இன்றுவரை அது மறக்கவில்லை.

ஜூலியனும் நானும் மட்டும் நடந்தோம். மரம் எல்லாம் முடிந்து வெறும் பாறை. சில இடங்களில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். ஐந்து மணிக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் பத்து நிமிடம் மிச்சம் வைத்துத் தாண்டினேன். விளக்கு வெளிச்சத்தில் அடுத்த அடி மட்டும் தெரியும். உச்சியை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. கீழே மேகம், மேலே நாங்கள். அழுதுவிட்டேன். "காற்று" என்று ஜூலியனிடம் சொன்னேன். "ஆமாம், காற்று" என்றார் அவர்.

எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். பெயர்ப்பலகை முன்னால் நின்றுகொண்டு கோ நைங் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். படம் எடுத்தேன். ஜூலியன், "கொடுங்க, நான் எடுக்கிறேன். நீங்களும் போய் நில்லுங்க" என்றார்.

கோ நைங் தயங்கினார். "படத்துல ஒம்பது ஆயிடுமே..."

அப்போது செல்வி கூட்டத்திலிருந்து விலகி வந்து என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள். "போய் என் எடத்துல நில்லுங்கண்ணே. இப்ப எட்டுதானே?"

இவ்வளவு சுலபமான கணக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் போய் நின்றேன். கூட்டத்தில் எனக்கு இன்னும் பெயர் தெரியாத ஒரு பெண் என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். செல்வியோடு ஒரு படம் எடுத்துக்கொள்வதற்குள் அடுத்த குழு பலகையைக் கேட்டு வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: குடிலில் படுக்கை கிடைப்பதுதான் சிரமம், பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். சுமைக்கூலி கிலோவுக்குப் பதினைந்து ரிங்கிட் கொடுத்தேன், தயங்காமல் கொடுங்கள். கையுறை, தலைவிளக்கு கட்டாயம். அடிவாரத்தில் ஓர் இரவு தங்காமல் ஏறாதீர்கள். இறங்கும்போது முழங்கால் பேசும், கைத்தடி வாங்கிக்கொள்ளுங்கள். கல் எடுக்காதீர்கள். தலைவலி வந்தால் கோ ஸாவ் மாதிரி மேலே ஏறாமல் நின்றுவிடுங்கள். கீழே வந்ததும் அவர் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார். கூட்டத்தில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதம் செல்வி வேலை கிடைத்து ஜப்பானுக்குப் போய்விட்டாள். ஒன்பதில் ஒருவர் போனால் எட்டு. அந்தக் கூட்டம் அதற்குப் பிறகும் மலையேறிக்கொண்டுதான் இருக்கிறது என்று கேள்வி. எட்டுப் பேருக்கு யாரும் தேவையில்லை, கூப்பிடவும் இல்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு உச்சிப் படத்தைக் காட்டுகிறேன். எட்டுப் பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். பார்க்கிறவர்களுக்கு யாரும் குறைந்ததாகத் தெரியாது.