அப்பாக்களைத் தூங்கவைத்த பாட்டு

நானும் என் கணவரும் சின்னப் பிள்ளைகளுக்காக நாட்டுப்புறப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்துப் பாடுவோம். நான் பாடுவேன், அவர் உடுக்கை வாசிப்பார். குதிக்கிற பாட்டு, கை தட்டுகிற பாட்டு, குரங்கு மாதிரி சொறிந்துகொள்கிற பாட்டு எல்லாம் எங்களிடம் இருந்தன. "பிள்ளைகள உசுப்பேத்தி உசுப்பேத்தி வீட்டுக்கு அனுப்புறீங்க, அப்புறம் நாங்கதான் படுறோம்" என்று தாய்மார்கள் குறைப்பட்டதால் ஒரு தாலாட்டும் கட்டினோம்.

மேல்மலைத் தோட்டங்களில் விளைவதை எல்லாம் அதில் வரிசையாகத் தூங்கவைத்தேன். 'கேரட்டு தூங்குது மண்ணுக்குள்ளே, பூண்டு தூங்குது தோலுக்குள்ளே' என்று போகும். வீட்டில் பாடிப் பார்த்தபோது என் கணவர் கொட்டாவி விட்டார். பாட்டு தேறிவிட்டது என்று இருவருமே நம்பினோம்.

அந்த ஞாயிறு, பிள்ளைகளைப் பெற்றோர் மடியில் படுக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். இரண்டாவது அடியிலேயே, மேல்மலைக் கிராமத்திலிருந்து வந்த நாலு வயதுப் பெண் எழுந்து நின்றாள்.

"பூண்டு எப்படித் தூங்கும்? அதுக்குக் கண்ணே இல்லையே."

"பாட்டுல இருக்கும்மா," என்றேன்.

"எங்க தோட்டத்துப் பூண்டுக்கு இல்ல."

தேங்காய்க்கு மூன்று கண் உண்டு என்று இன்னொரு பிள்ளை அறிவித்தது. அதில் எந்தக் கண்ணை மூடித் தூங்கும் என்று விவாதம் கிளம்பியது. மடியில் ஒரு பிள்ளை மிச்சமில்லை. நான் விடாமல் பாடினேன், வேறென்ன செய்வது.

அப்போது பின்னால் ஒரு சத்தம். என் கணவர் உடுக்கையைத் திருப்பிப் பார்த்தார். சத்தம் உடுக்கையில் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா, காய்கறி வேன் ஓட்டுகிறவர், சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு அப்பாக்கள் ஜமுக்காளத்திலேயே சரிந்திருந்தார்கள். நான் எழுப்பப் போனேன். வேன்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க. நேத்து வெள்ளனே லோடு ஏத்திட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போனவரு, இப்பத்தான் கண்ணசந்து கெடக்காரு. நீங்க பாடுங்க."

மகள் அதற்குள் அப்பாவின் வயிற்றில் தட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தாள். 'அப்பா தூங்குறாரு வேனுக்குள்ளே' என்று என் மெட்டிலேயே பாடினாள். மற்ற பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துகொண்டன. என் கணவர் குறட்டைக்கு ஏற்ப உடுக்கையை மெதுவாகத் தட்டினார். குறட்டை நின்றால் அவரும் நிறுத்துவார். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். மறுபடி குறட்டை கிளம்பினால் கூடமே நிம்மதியாகும். எங்கள் நிகழ்ச்சியில் இவ்வளவு ஒழுங்காகப் பிள்ளைகள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

விழித்ததும் வேன்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"எது வரைக்கும் கேட்டீங்க?"

யோசித்துப் பார்த்தார். "கேரட்டு வந்துச்சுங்க."

பிள்ளைகள் வழக்கம்போல் குதித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தன. தாய்மார்கள் மட்டும் தாலாட்டை போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள்; பிள்ளைக்கா என்று கேட்டால் சிரித்தார்கள். அடுத்த மாதம் கம்பளியும் கையுமாக ஒருவர் வந்து, சுவரோரமாக இடம் பார்த்து உட்கார்ந்தார். பிள்ளை எங்கே என்று கேட்டேன். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றார்.