கம்பிப் பேண்டில் எங்கள் அண்ணன் நின்ற இடம்

“…மெம்பர் ஒண்ணும் இல்லை, கேட்டியா மக்கா. பகரத்துக்கு வந்த ஆளாக்கும். மெம்பருக்குத்தான் இடம் விடுகது. அப்படியே விடலாம்னு வச்சாலும் எந்த இடத்தை விட? நீயே சொல்லு.”

அண்ணனை அடக்கம் செய்த நாள் காலையில், பந்தலுக்குக் கீழே வைத்து செல்வதாஸ் சார் என்னிடம் சொன்ன வார்த்தை இது. பகரத்துக்கு என்றால் வராத ஒருவருக்கு மாற்றாக. சார் எங்கள் ஊர்க் கம்பிப் பேண்டின் தலைவர், வயலின் வாசிப்பவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு காரியம் கேட்டு வரும்படி அண்ணி என்னை அனுப்பியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பேண்டு வாசிக்கும்போது அண்ணனுக்கு ஓர் இடம் விடவேண்டும். அன்றைக்கு அண்ணி யாரிடமும் வேறொன்றும் கேட்கவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கிற வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு இது விளங்காது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குழலும் கொட்டும் உள்ள பேண்டு மேளம் எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே உண்டு. அதனால் இவர்களுக்குக் கம்பிப் பேண்டு என்று ஊரார் பெயர் வைத்தார்கள். வயலின், மாண்டலின், பாஞ்சோ, கிடார், ஆள் உயர பேஸ் என்று ஐந்து பேர். பாஞ்சோ என்றால் கட்டையை அமுக்கி வாசிக்கிற பெட்டி அல்ல, தோல் போட்ட வட்டமும் நீளக் கழுத்தும் உள்ளது. பழைய மிஷன் பங்களாவின் பரணில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்தார்கள். மைக் ஒன்றே ஒன்றுதான். அதைச் சுற்றி அரைவட்டமாக நிற்பார்கள். ஒரு சரணம் பாடி முடிந்ததும் ஒருவர் மைக்கின் பக்கம் வந்து அந்த மெட்டைத் தன் கருவியில் வாசித்துவிட்டுப் பின்னால் போவார். அடுத்த சரணம் முடிந்ததும் அடுத்தவர் வருவார். இதற்கு ‘முறை’ என்று சொல்வார்கள். முதல் கிடார்க்காரர் இறந்தபோது அவர் நின்ற இடத்தைக் காலியாக விட்டு வாசித்தார்கள். அவர் முறை வந்ததும் யாரும் முன்னால் போகவில்லை, தாளம் மட்டும் ஓடியது. அதுவே பிறகு வழக்கமாயிற்று.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணன் குன்னத்துகாலில் பிறந்தார்கள். எங்கள் அப்பா ஆரியங்கோட்டில் பிறத்தியார் தோட்டத்தில் ரப்பர் வெட்டி எங்களை வளர்த்தவர். அப்பா மறைந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு. அதோடு புத்தகத்தை மூடிவிட்டு பாறசாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார்கள். சில வருடங்களில் சொந்தப் பட்டறை வைத்து, என்னைக் கட்டிக்கொடுத்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்தார்கள். அம்மா சொல்வது உண்டு: “இவன்கிட்ட ஒண்ணு கேட்டா பதில் மறுநாள்தான் வரும். வேலை இன்னைக்கே முடிஞ்சிருக்கும்.”

சங்கீதம் யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. சபையில் பாடகர் குழுவுக்குப் பின்பெஞ்சில் இருந்து மற்றவர்களின் விரலைப் பார்த்துப் படித்ததுதான். செல்வதாஸ் சாரின் மைத்துனர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஒரு கேசட்டிலிருந்து பேண்டு பிறந்தது. அமெரிக்காவில் ஏதோ மலைநாட்டுப் பாட்டு, பாஞ்சோவும் வயலினும் ஒன்றையொன்று துரத்துகிற பாட்டு. சார் அதைக் கேட்டுவிட்டு, நம்முடைய கீர்த்தனைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் அந்த ஓட்டத்தில் வாசித்தால் என்ன என்று நான்கு பேரைக் கூட்டினார். அந்த நான்கு பேரில் அண்ணன் இல்லை.

பாஞ்சோ வாசித்த வில்சனுக்கு சவூதிக்கு விசா வந்தது. அவர் புறப்பட்டுப் போன வாரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். சார் நேரே அண்ணனின் பட்டறைக்கு வந்தார்.

“எலே, பாஞ்சோ பிடிக்க ஆளில்லை. நீ வாறியா?”

“வாறேன் சார். ஆனா எனக்கு அது தெரியாதே.”

“தெரிஞ்சவன் பிளேன்ல உண்டு. தெரியாதவன்தான் தரையில கெடக்கான். வா.”

இப்படித்தான் அண்ணன் பேண்டுக்குள் போனார்கள். அம்பூரியில் நடந்த அந்தக் கல்யாணத்தில் அண்ணியின் தகப்பனார் இவரைப் பார்த்து, “அந்த பாஞ்சோக்காரன் எவன்?” என்று விசாரித்தாராம். பேச்சு முற்றி அவர்கள் மாப்பிள்ளை பார்க்க வந்தபோது பாஞ்சோவுக்குப் புது ஆள் வந்தாயிற்று. கிடார் வாசித்த வாத்தியாருக்கு இடுக்கிக்கு மாற்றலாகி, அண்ணன் கிடாருக்கு மாறியிருந்தார்கள். “நாங்க பாஞ்சோக்காரனையல்லவா கேட்டோம்?” என்று பெரியவர் சந்தேகப்பட, பேஸ் வாசிக்கிற தச்சர் சுகுமாரன்தான் சமாதானம் சொன்னார்: “ஆளு அதுதான் மாமா. சாதனம் மட்டும் மாறியாச்சு.”

சாதனம் மாறிக்கொண்டேதான் இருந்தது. சுகுமாரன் ஒரு வீட்டுக்குக் கூரை மாற்றும்போது விழுந்து கால் முறிந்து கிடந்த காலத்தில், அவரே அயினி மரத்தில் செய்த அந்தப் பெரிய பேஸை அண்ணன் தாங்கிப்பிடித்து வாசித்தார்கள். மாண்டலின் ராஜமணி வேறு சபையில் சேர்ந்து, கல்யாண வீடுகளில் வாசிக்கமாட்டேன் என்று விலகியபோது மாண்டலினும் இவர் கைக்கு வந்தது. வயலின் ஒன்றைத்தான் அண்ணன் தொட்டதில்லை. ஏனென்றால் செல்வதாஸ் சார் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. காய்ச்சலோடும் வருவார். சொந்த மகளின் கல்யாணத்தில் கைபிடித்துக் கொடுத்துவிட்டு, நேரே வந்து வயலினை எடுத்தவர் அவர்.

புதிய ஆள் வந்ததும் அண்ணன் கருவியைத் துடைத்துக் கொடுத்துவிடுவார்கள். எந்தப் பாட்டில் எங்கே முறை வரும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு போய்க் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். பாட்டு தொடங்குமுன் சார் மைக்கில் ஒவ்வொருவர் பெயரையும் கருவியையும் சொல்வது உண்டு. பகரத்துக்கு நிற்பவர் பெயரைச் சொல்வதில்லை. இன்று நின்று நாளை போகிறவர்களையெல்லாம் சொன்னால் பேண்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்காது என்பது சாருடைய கணக்கு.

சுகுமாரன் அண்ணனை ‘ஸ்டெப்பினி’ என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் அதற்குச் சிரித்துக்கொண்டே, “ஸ்டெப்பினி இல்லாம அம்பூரி மலைக்கு வண்டி எடுப்பியாலே?” என்று கேட்பார்கள்.

ராஜமணி சில வருடங்கள் கழித்து மனம் மாறித் திரும்பி வந்தது ஒரு கல்யாண வீட்டுக்கு. வாசலில் வந்து நின்றார். அண்ணன் அப்போது மேடையில் மாண்டலினோடு இருந்தார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் இறங்கி வந்து, கருவியை ராஜமணியின் கழுத்தில் மாட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒருவர், “உமக்கு நாணமில்லியா ஓய்? பாதியில இறங்கி வாறீரே” என்று கேட்டிருக்கிறார். “அவன் இல்லாதப்ப அவன் இடம் சும்மா கெடக்கப்பிடாதுன்னு நின்னேன். அவன் வந்தாச்சு. நீரு சாம்பாரை இப்படித் தள்ளும்” என்றார்களாம்.

இதனால் அண்ணனுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அண்ணிக்கு மட்டும் வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. வெளியில் எங்கும் அண்ணன் தன்னை மெம்பர் என்று சொல்லிக்கொண்டதில்லை, வீட்டில் மட்டும் ‘எங்க பேண்டு’ என்றுதான் சொல்வார்கள் என்று பிறகு அண்ணி சொன்னார்கள்.

அண்ணனின் மகள் அயர்லாந்தில் நர்ஸ். ஒருநாள் வீடியோ காலில் அவள், “அப்பா, நீங்க வாசிக்கதுக்கு புளூகிராஸ்னு பேராக்கும். அமெரிக்காவுலயும் ஆதியில ஒரே மைக்தான். வயலின், மாண்டலின், பாஞ்சோ, கிடார், பேஸ், எல்லாம் இதேதான்” என்றாள். அங்கே முதன்முதலில் தொடங்கிய பேண்டில் ஆட்கள் நிலைத்ததில்லை என்றும், பாஞ்சோக்காரரும் கிடார்க்காரரும் சேர்ந்து விலகி வேறு பேண்டு போட்டார்கள் என்றும், தலைவர் மட்டும் மாறாமல் நிற்க மற்ற இடங்களில் ஆள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள் என்றும் வாசித்ததையெல்லாம் சொன்னாள். நான் அன்று பக்கத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்கள்:

“மக்கா, அங்க கொஞ்ச நாள் மட்டும் நின்னவங்க பேரு உண்டா?”

“உண்டுப்பா. ஒரு ரெக்கார்டுல வாசிச்சாக்கூட யாருன்னு தேடிக் கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காங்க.”

“கொள்ளாம், நல்ல காரியம்” என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து கை கழுவப் போனார்கள்.

கடைசி இரண்டு வருடம் மூச்சுத் திணறல். பட்டறையை மூடினார்கள். பேண்டுக்காரர்கள் மாறி மாறி வந்து பார்த்தார்கள். சவூதியிலிருந்து திரும்பிவிட்ட வில்சன் பாஞ்சோவைக் கொண்டுவந்து கட்டிலின் பக்கத்தில் வைத்து வாசிப்பார். செல்வதாஸ் சாரும் வருவார். பாட்டைப் பற்றிப் பேசமாட்டார், மருந்தைப் பற்றித்தான் கேட்பார். போன வருடம் மழைக்காலத்தில், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, அண்ணன் அமைதியாகக் கண்மூடினார்கள். மகள் வந்து சேர்ந்ததும் அடக்கம் வைத்தோம்.

சார் காலையில் அப்படிக் கேட்டதும் ஒவ்வொரு இடமாக எண்ணிப் பார்த்தேன். மாண்டலினுக்கு ராஜமணி நிற்கிறார், பாஞ்சோவுக்கு வில்சன் நிற்கிறார், பேஸுக்கு சுகுமாரன், கிடாருக்கு ஒரு புதிய தம்பி. எல்லா இடத்துக்கும் ஆள் உண்டு. உள்ளே போய் அண்ணியிடம் சொன்னேன். “பின்ன அவருகிட்ட கேக்காண்டாம். உள்ளதைத்தானே சொன்னாரு” என்றார்கள். முகத்தை மட்டும் மகள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. மழையில் பந்தல் போட்டுத் தந்த அண்டைவீட்டுப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு நினைத்தபோதெல்லாம் ஜீப் எடுத்தவர், மூன்று நேரமும் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்கள், தன் வீட்டு முற்றத்தை வண்டிகள் நிறுத்தத் திறந்துவிட்ட சுகுமாரன் குடும்பத்தார், தூரத்திலிருந்து வந்து நின்ற அம்பூரிச் சொந்தங்கள். உங்கள் பெயரையெல்லாம் எழுதினால் இந்த மலரில் வேறொன்றுக்கும் இடம் இருக்காது. அண்ணியும் மகளும் நானும் உங்களை மறக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு வர முடியாதவர்கள் அங்கே நடந்தது என்னவென்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

போதகர் ஜெபித்து முடித்ததும் மைக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஐந்து பேரும் அரைவட்டமாக, தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடைவெளிகூட இல்லை. அண்ணி ஒருதடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சார் யார் பெயரையும் சொல்லவில்லை. நேரே பாட்டைத் தொடங்கினார். முதல் சரணம் முடிந்தது, ராஜமணி முன்னால் வந்து வாசித்துவிட்டுப் போனார். அடுத்தது வில்சன். அதற்கடுத்தது கிடார்த் தம்பி. கடைசிச் சரணமும் பாடியாயிற்று. எப்போதும் போல வயலின் முறை வந்தது. செல்வதாஸ் சார் மைக்கின் பக்கம் போகவில்லை. வயலினைக் குனிந்து பெட்டியில் வைத்தார். சுகுமாரனைப் பார்த்து, நிறுத்தாதே என்று கையைக் காட்டினார். பிறகு தன் இடத்தை விட்டு வெளியே வந்து, நனைந்த மண்ணில் நடந்து, எங்கள் வரிசையில் அண்ணிக்குப் பின்னால் போய் நின்றார்.